19 நாள் குஞ்சும் 16 நாள் குட்டியும்

மழை பெய்து ஓய்ந்த இரவுகளிலும் விடியற்காலைகளிலும் பினாங்கில் ஒரு சத்தம் கேட்கும். "க்ருவாக், க்ருவாக்" என்று தொடங்கினால் எளிதில் ஓயாது. தவளை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தவளை இல்லை, பறவை. மலாய்க்காரர்கள் அதன் சத்தத்தையே பெயராக்கி 'ருவாக் ருவாக்' என்கிறார்கள். தமிழில் கானாங்கோழி. மார்பும் முகமும் பளிச்சென்று வெள்ளையாக இருப்பதால் முழுப்பெயர் வெண்மார்புக் கானாங்கோழி. முதுகு கருஞ்சாம்பல், வாலுக்கு அடியில் செம்பழுப்பு. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும். செபராங் பிறை வயல்களில் மட்டுமல்ல, அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் புல் மண்டிய மழைநீர்க் கால்வாய் இருந்தால் அங்கேயும் இது குடியிருக்கும்.

இன்னொரு விலங்கு பினாங்கு காட்டில் இல்லை. ஆனால் உங்கள் வகுப்பில் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கலாம். சட்டைப் பையில் சுருண்டு தூங்கும், பெரிய கறுப்புக் கண்கள், முதுகில் ஒரு கறுப்புக் கோடு, முன்கைக்கும் பின்காலுக்கும் இடையே விரியும் தோல். சுகர் கிளைடர் என்று செல்லப்பிராணிக் கடைகளில் விற்கிறார்கள். அணில் போல இருந்தாலும் அணிலுக்கும் இதற்கும் உறவு இல்லை. இது கங்காருவின் இனம். வயிற்றில் பை உள்ள பைப்பாலூட்டி.

ஒன்று நீர்ப்பறவை, ஒன்று மரத்தில் வாழும் பாலூட்டி. இரண்டையும் ஏன் ஒன்றாகப் பேச வேண்டும்? இரண்டு எண்களுக்காகத்தான்.

கானாங்கோழியின் முட்டை பொரிய ஏறக்குறைய 19 நாள் ஆகும். சுகர் கிளைடரின் குட்டி தாய் வயிற்றில் இருப்பது ஏறக்குறைய 16 நாள். கிட்டத்தட்ட ஒரே அளவு காலம். ஆனால் 19 நாள் முடிந்து வெளியே வரும் கானாங்கோழிக் குஞ்சுக்குக் கண் திறந்திருக்கும், உடல் முழுக்கக் கறுப்புத் தூவி இருக்கும். ஓரிரு நாளில் கூட்டை விட்டு இறங்கிப் பெற்றோர் பின்னால் ஓடும். ஆபத்து வந்தால் தண்ணீருக்குள் மூழ்கி ஒளிந்துகொள்ளும். 16 நாள் முடிந்து வெளியே வரும் சுகர் கிளைடர் குட்டியோ ஓர் அரிசி மணி அளவு. எடை சுமார் 0.2 கிராம். கண் இல்லை, காது இல்லை, முடி இல்லை. பின்கால்கள் வெறும் மொட்டுகள்.

மூன்று நாள் வித்தியாசத்தில் இவ்வளவு தூரமா? இதற்குப் பதில் நாட்களில் இல்லை. குட்டிக்கான உணவுச் செலவைத் தாய் எப்போது கொடுக்கிறாள் என்பதில் இருக்கிறது.

பறவை ரொக்கமாகக் கொடுக்கிறது. முட்டை ஓடு மூடிய பிறகு உள்ளே ஒரு பருக்கைகூடப் போட முடியாது. நுண்துளைகள் வழியே காற்று உள்ளே வரும், ஈரம் கொஞ்சம் வெளியே போகும், அவ்வளவுதான். ஆகவே 19 நாளுக்கு வேண்டிய கொழுப்பு, புரதம், எலும்புக்கான சுண்ணாம்புச் சத்து எல்லாவற்றையும் தாய் முன்கூட்டியே கட்டிக் கொடுத்துவிட வேண்டும். எவ்வளவு கட்டுகிறாளோ அந்த அளவுக்கு வளர்ந்த குஞ்சு வெளியே வரும். மைனா, புறா போன்றவற்றின் முட்டையில் மஞ்சள் கரு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். அவற்றின் குஞ்சுகள் கண் மூடியபடி, ஏறக்குறைய வெறும் தோலோடு பிறக்கின்றன. வாத்து முட்டையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு மஞ்சள் கரு; வாத்துக் குஞ்சு பிறந்ததும் நீந்துகிறது, தானே இரை தேடுகிறது. நியூசிலாந்தின் கிவிப் பறவை எல்லை மீறிய கணக்கு: முட்டையில் ஏறக்குறைய 65 விழுக்காடு மஞ்சள் கரு.

கானாங்கோழி வாத்து அளவுக்குப் போவதில்லை. குஞ்சு நடக்கும், நீந்தும். ஆனால் முதல் சில நாட்கள் பெற்றோர் அலகில் கொண்டுவரும் பூச்சியையும் புழுவையும் வாங்கித்தான் சாப்பிடும். தாய், தந்தை இருவரும் அடைகாக்கிறார்கள், இருவரும் ஊட்டுகிறார்கள். ஒரு கூட்டில் ஆறேழு முட்டை. இதனால்தான் கால்வாய் ஓரத்தில் தனியாக நிற்கும் கறுப்புக் குஞ்சை 'அனாதை' என்று எண்ணித் தூக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் அதற்குச் செய்யும் கெடுதலாகிவிடுகிறது. பெற்றோர் பத்தடி தள்ளிப் புல்லுக்குள் நின்று நீங்கள் எப்போது போவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

சுகர் கிளைடர் தவணையில் கொடுக்கிறது. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு: பைப்பாலூட்டிகளின் கருவுக்கும் முட்டை ஓடு போன்ற ஒரு மெல்லிய உறை இருக்கிறது. தாயின் கருப்பைக்குள் கரு பெரும்பாலான நாட்களை அந்த உறைக்குள்தான் கழிக்கிறது. உள்ளே மஞ்சள் கரு மிகக் குறைவு. கடைசி நாட்களில்தான் உறை கரைந்து, கரு கருப்பைச் சுவரில் ஒட்டுகிறது. நஞ்சுக்கொடி வேலை செய்யத் தொடங்குகிறது. தொடங்கிய சில நாளிலேயே பிரசவம்.

ஏன் இந்த அவசரம்? தென் அமெரிக்க ஒப்போசம் என்ற பைப்பாலூட்டியை ஆராய்ந்தவர்கள் ஒரு விளக்கம் தருகிறார்கள். கரு சுவரில் ஒட்டியதும் தாயின் உடல் அதை ஒரு காயம் போல எடுத்துக்கொண்டு அழற்சியைக் காட்டுகிறது. நம்மைப் போன்ற பாலூட்டிகளின் உடல் அந்த அழற்சியை அடக்கி, மாதக் கணக்கில் கருவைத் தாங்கிக்கொள்ளப் பழகியிருக்கிறது. ஒப்போசத்தின் உடலில் அது அடங்குவதில்லை. பிரசவத்தில் போய் முடிகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 120 கிராம் எடையுள்ள தாய் கிளைடர் 0.2 கிராம் குட்டி போடுகிறது. தாய் எடையில் 600-இல் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஓர் அம்மா 3 கிலோ குழந்தை பெற்றால் அது 20-இல் ஒரு பங்கு. கிளைடர் கணக்கை மனிதருக்குப் போட்டால் 60 கிலோ அம்மாவுக்கு 100 கிராம் குழந்தை பிறக்க வேண்டும். அதாவது ஒரு வாழைப்பழ எடை!

அந்த 0.2 கிராம் உயிர் பிறந்த உடனே ஒரு வேலை செய்கிறது. தன் முன்கைகளால் தாயின் முடியைப் பற்றிப் பற்றி, கண் தெரியாமலே பைக்குள் ஏறிப் போகிறது. உள்ளே ஒரு முலைக்காம்பை வாயில் கவ்வியதும் காம்பின் நுனி வாய்க்குள் வீங்கிக்கொள்ளும். இழுத்தாலும் எளிதில் வராது. அடுத்த 60, 70 நாட்கள் அதற்குப் பைதான் உலகம். பிறகு மெல்ல வெளியே வந்து, மரப்பொந்துக் கூட்டில் இன்னும் ஏழெட்டு வாரம் பால் குடிக்கும். மொத்தம் ஏறக்குறைய நான்கு மாதம். 16 நாளில் தாய் கொடுக்காததை இந்த நான்கு மாதத்தில் பாலாகக் கொடுக்கிறாள்.

பால் என்றால் ஒரே பால் இல்லை. பைப்பாலூட்டிகளில் குட்டி வளர வளரப் பாலின் சேர்மானமும் மாறுகிறது. ஆரம்பத்தில் நீர்த்த, சர்க்கரை மிகுந்த பால். பிற்பாடு கொழுப்பு மிகுந்த கெட்டிப் பால். முட்டைக்குள் மஞ்சள் கரு செய்ய வேண்டிய வேலையைத்தான் இந்தப் பால் கட்டங்கட்டமாகச் செய்கிறது. கங்காரு இன்னும் ஒருபடி மேல்: பைக்குள் ஒரு சின்னக் குட்டியும் வெளியே ஒரு பெரிய குட்டியும் இருக்கும்போது, பக்கத்துப் பக்கத்துக் காம்புகளில் இரண்டு விதமான பால் சுரக்கும்.

பழைய பாடப்புத்தகங்களில் பைப்பாலூட்டிகளைப் 'பின்தங்கியவை' என்று எழுதுவார்கள். அரைகுறையாகப் பிறக்கும் குட்டியைப் பார்த்து வந்த எண்ணம் அது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தவணைக்கு ஒரு பெரிய வசதி உண்டு: நடுவில் நிறுத்தலாம். ஆஸ்திரேலியாவில் மழை பொய்த்த ஆண்டில் தாய்க்கு உணவு இல்லாமல் குட்டி இறந்துபோனால், இழப்பு சில கிராம் உடல். தாய் பிழைத்திருந்து அடுத்த மழைக்குக் காத்திருப்பாள். கானாங்கோழியின் கூட்டை ஓர் உடும்பு கண்டுபிடித்தால், ஆறேழு முட்டையில் போட்ட மொத்த ரொக்கமும் ஒரே நாளில் போய்விடும். அதற்குப் பறவையின் ஈடு வேறு: மழையும் புழுவும் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் திரும்பவும் முட்டை இடலாம். பஞ்சம் அடிக்கடி வரும் நிலத்தில் தவணை லாபம். வயலும் கால்வாயும் நிறைந்த நிலத்தில் ரொக்கம் லாபம்.

ஆனால் தவணைக்கும் ஒரு வட்டி இருக்கிறது. அது கைகளில் தெரிகிறது.

முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்குக் கை எதற்கும் தேவையில்லை. ஆகவே பறவையின் முன்கை முழுக்க இறக்கையாக மாற முடிந்தது. பென்குவினில் துடுப்பாகவும் மாறியது. பைப்பாலூட்டிக் குட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. பிறந்த நிமிடமே பிடித்து ஏறக் கை வேண்டும். இதனால்தான் பைப்பாலூட்டிகளில் ஒரு வௌவாலோ ஒரு திமிங்கிலமோ தோன்றவில்லை என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சுகர் கிளைடரைப் பாருங்கள். 50 மீட்டர் வரை காற்றில் சறுக்கிப் போகிறது. ஆனால் கை கையாகவே இருக்கிறது. கையின் ஐந்தாம் விரலிலிருந்து காலின் முதல் விரல் வரை தோலை மட்டும் விரித்துக்கொண்டது. பைப்பாலூட்டிகளில் நீரில் வாழும் ஒரே இனம் தென் அமெரிக்க, மத்திய அமெரிக்க ஆறுகளில் இருக்கும் யாபோக். வாத்தைப் போல அதற்கும் விரலிடைச் சவ்வு உண்டு. ஆனால் பின்காலில் மட்டும். முன்கையில் இல்லை. நீந்தும்போது தண்ணீர் புகாதபடி பையின் வாயை இறுக்கி மூடிக்கொள்ளவும் யாபோக்குக்குத் தெரியும்.

சரி, பறவைகளில் யாராவது பை வைத்துக்கொண்டதுண்டா? உண்டு, ஒரே ஓர் இனம். கானாங்கோழிக்குத் தூரத்து உறவான சன்கிரீப் என்ற நீர்ப்பறவை. மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரை ஆற்றங்கரைகளில் வாழ்கிறது. அதன் முட்டை 10, 11 நாளிலேயே பொரிந்துவிடும். அவ்வளவு சீக்கிரம் பொரிந்தால் என்ன ஆகும்? குஞ்சுகள் கண் மூடி, தூவி இல்லாமல் வரும். ஆண் பறவையின் இரண்டு இறக்கைகளுக்கும் அடியில் தோலால் ஆன பை உண்டு. பக்கத்துக்கு ஒரு குஞ்சை வைத்துக்கொண்டு தந்தை நீந்துகிறது, பறக்கவும் செய்கிறது. முன்பணத்தைக் குறைத்த இடத்தில் பை வந்து நிற்கிறது, அதுவும் தந்தைக்கு. சன்கிரீப்பின் ஆசிய உறவினரான முகமூடித் துடுப்புக்கால் பறவை மலேசியாவுக்கும் வலசை வந்திருக்கிறது. இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறது. அதற்கு இந்தப் பை கிடையாது.

நம் கொடிமலையிலேயே இன்னோர் ஆச்சரியம். 2021-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அந்த மலையில் 'குபோங்' என்ற சறுக்கும் விலங்கு இருக்கிறது. மரத்தோடு மரமாக ஒட்டியிருப்பதால் பகலில் கண்ணில் படுவது அரிது. பைப்பாலூட்டி அல்ல, நம்மைப் போல நஞ்சுக்கொடி உள்ள பாலூட்டி, குரங்கினத்துக்கு நெருங்கிய உறவு. ஆனால் அதன் குட்டியும் வளர்ச்சி முழுமை பெறாமல்தான் பிறக்கிறது. தாய் தன் சறுக்குத் தோலின் பின்பகுதியை மடித்து ஒரு தூளி போலாக்கி, மாதக் கணக்கில் குட்டியை வயிற்றோடு சுமக்கிறாள். சொந்தப் பை இல்லாதவர் புடவைத் தலைப்பில் ஏந்திக்கொள்வது மாதிரி. காற்றில் சறுக்குவதும் சரி, குட்டியை மடியில் வளர்ப்பதும் சரி, குபோங்கும் சுகர் கிளைடரும் தனித்தனியாக எட்டிய ஒரே தீர்வு. உறவில்லாத உயிர்கள் ஒரே சிக்கலுக்கு ஒரே மாதிரி விடை காண்பதை ஒருங்கு பரிணாமம் என்கிறார்கள்.

கொடிமலையில் குபோங் இருக்கும்போது பைப்பாலூட்டி ஏன் இல்லை? இதற்கான விடையைத் தேட முதலில் உதவியவர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ். 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டம் முழுக்கச் சுற்றினார். 1856-இல் பாலியிலிருந்து லொம்போக் தீவுக்குப் போனார். இடையில் சுமார் 35 கிலோமீட்டர் கடல்தான். ஆனால் பாலியில் ஆசியப் பறவைகள். லொம்போக்கில் ஆஸ்திரேலியப் பக்கத்துக் கொண்டைக் கிளிகள். அங்கிருந்து வடக்கே போர்னியோவுக்கும் சுலாவெசிக்கும் நடுவாக ஒரு கோடு இழுக்கலாம். அதுதான் வாலஸ் கோடு.

காரணம் கடலின் ஆழம். பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது பினாங்கு ஒரு தீவே அல்ல. நிலத்தோடு ஒட்டிய ஒரு குன்று. இங்கிருந்து சுமத்ரா, ஜாவா, போர்னியோ வரை நடந்தே போகலாம். ஆனால் லொம்போக் நீரிணை 250 மீட்டருக்கும் ஆழமானது. அது வற்றவே இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து அண்டார்டிகா வழியாக ஆஸ்திரேலியா சேர்ந்த பைப்பாலூட்டிகள், அங்கிருந்து தீவு தீவாக மேற்கே வந்து சுலாவெசியோடு நின்றுவிட்டன. பினாங்கிலிருந்து பார்த்தால் அது 2,000 கிலோமீட்டருக்கும் மேல். கானாங்கோழிக்கோ இந்தக் கோடு ஒரு பொருட்டே அல்ல. இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறது, இங்கே இருக்கிறது, கோட்டைத் தாண்டிச் சுலாவெசியிலும் இருக்கிறது. பார்த்தால் பறக்கவே சோம்பல்படும் பறவை. ஆனால் அதன் குடும்பமே கடல் தாண்டித் தீவுகளில் குடியேறுவதில் பேர்போனது.

சுகர் கிளைடர் கோட்டைத் தாண்டியது மனிதர் கையில். அமெரிக்காவில் வளர்க்கப்படும் சுகர் கிளைடர்களின் மரபணுவை ஆராய்ந்த 2019 ஆய்வு ஒன்று, அவற்றின் பூர்வீகம் ஆஸ்திரேலியா அல்ல, மேற்குப் பாப்புவாவின் சொரோங் வட்டாரம் என்று காட்டியது.

மனிதர் கொண்டுபோன இடத்தில் இந்தச் சின்ன விலங்கு என்ன செய்யும் என்பதற்கு டாஸ்மேனியா ஓர் எடுத்துக்காட்டு. 1830-களில் அந்தத் தீவுக்கு இது கொண்டுபோகப்பட்டது. இன்று அங்கே மரப்பொந்தில் அடைகாக்கும் விரைவுக்கிளிகளை முட்டையோடும் குஞ்சோடும் தாயோடும் தின்கிறது. அந்தக் கிளி இனமே அழியும் நிலைக்கு வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். மஞ்சள் கருவில் அடைத்த ரொக்கம் யாருக்கும் சுவைக்கும் அல்லவா? 'வளர்க்க முடியவில்லை, காட்டில் விட்டுவிடலாம்' என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் காட்டிலும் பொந்துகளில் முட்டையிடும் பறவைகள் இருக்கின்றன.

வளர்ப்பவர்களுக்கும் வாங்க ஆசைப்படுபவர்களுக்கும் இந்தக் கட்டுரையின் கணக்கு நேரடியாகப் பயன்படும். பிறப்பு யார் கண்ணிலும் படாததால், சுகர் கிளைடரின் வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. பையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். 'எட்டு வாரக் குட்டி' என்றால் அது பிறந்து 8 வாரம் அல்ல. பையில் 70 நாள், வெளியே 56 நாள், ஆக 126 நாள் ஆனது. பால் மறக்கும் வயது. 'மூன்று வாரக் குட்டி, சீக்கிரம் பழகும்' என்று யாராவது தந்தால் 70-உடன் 21-ஐக் கூட்டிப் பாருங்கள்: 91 நாள். இன்னும் தவணை முடியவில்லை. தாய்ப்பால் வேண்டும், கூட்டின் சூடும் வேண்டும். அதைத் தாயிடமிருந்து பிரித்தால், நான்கு மாதமும் சேர்மானம் மாறிக்கொண்டே இருக்கும் அந்தப் பாலுக்கு ஈடாகப் புட்டியில் எதையும் ஊற்ற முடியாது.

பால் மறந்த பிறகும் கவனிக்க வேண்டியவை உண்டு. காட்டில் இவை கூட்டமாக வாழ்பவை, இரவில் விழித்திருப்பவை. மரப்பிசின், தேன், பூச்சி தின்பவை. வெறும் பழமும் ரொட்டியும் போட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்து எலும்பு பலவீனமாகி, பின்கால்கள் செயலிழந்துபோகும். கால்நடை மருத்துவர்கள் கிளைடர்களிடம் அடிக்கடி பார்க்கும் நோய் இது. ஒழுங்காகப் பராமரித்தால் பத்து ஆண்டுக்கும் மேல் வாழும். படிவம் ஒன்றில் வாங்கினால், நீங்கள் பல்கலைக்கழகம் முடிக்கும்போதும் அது இரவெல்லாம் கூண்டில் குதித்துக்கொண்டிருக்கும்.